ஈரக் காயின் எடை

அப்பு,

உன் இரண்டு காதிலும் மஞ்சளும் நல்லெண்ணெயும் தொட்டு வைத்துவிட்டு, நீ புரண்டு காதை அழுத்திக்கொள்ளாதபடி இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே இலவ மரத்தில் காய்கள் வெடித்துக்கொண்டிருக்கின்றன. பஞ்சு பறக்கிறது என்று சொன்னால் போதாது. இந்த மாதத்தில் போடியின் காற்றே பஞ்சாகிவிடுகிறது. ஒரு இழை உள்ளே வந்து உன் மொட்டைத் தலையில் உட்கார்ந்திருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. பெரியவர்கள் பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது கல்யாணத்தின்போது, அல்லது பிள்ளை கப்பல் ஏறும்போது. எனக்கு அவ்வளவு காலம் காத்திருக்கப் பயம். அதனால் மீசை முளைத்து, வேட்டி கட்டி, ஏதோ ஒரு ஊரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவனை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த ஆள் நீதான். இங்கே தூங்குகிறவனிடம் இதையெல்லாம் சொன்னால் என் மூக்கைப் பிடித்து இழுப்பான்.

நேற்று குரங்கணிக் கோயிலில் உனக்கு முடியிறக்கிக் காது குத்தினோம். எல்லா வீட்டிலும்போல நம் வீட்டிலும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது. ஆனால் உன் அப்பா வீட்டில் அதற்குப் பிறகு ஒன்று உண்டு. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம் பிள்ளையைக் கொடுப்பார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, பிள்ளையைத் தரையில் வைக்காமல், தரையில் கை ஊன்றாமல், இன்னொருத்தர் கையைப் பிடிக்காமல், எழுந்து நின்று சாமிக்குக் காட்ட வேண்டும். உன் தாத்தா அப்படித்தான் உன் அப்பாவைக் காட்டினாராம். உட்கார்ந்திருப்பவன் எழுந்து நிற்பதில் என்ன இருக்கிறது என்று நீ நினைப்பாய். போன கார்த்திகையில் உன் அப்பாவால் வெறுங்கையோடு கூட அப்படி எழ முடியவில்லை. நேற்று அவர் எழுந்தாரா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால் நான் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போக வேண்டும், மலைப் பாதை மாதிரி.

உன் அப்பாவின் கையிலிருந்து தொடங்குகிறேன். மலைக் காயை வாங்கி மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிற நம் ஏலக்காய்க் கிட்டங்கி நீ ஓடி விளையாடப் போகிற இடம்; அங்கே அவர் காய் பார்ப்பதை நீயும் பார்த்திருப்பாய். போடிமெட்டிலிருந்து மூட்டை இறங்கியதும் உள்ளே கையை விட்டு ஒரே ஒரு காயை எடுப்பார். பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வைத்து, தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி அழுத்துவார். காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே விதை கலகலவென்று சொன்னால் நல்ல காய். சத்தம் வராமல் மொத்தென்று இருந்தால் ஈரக் காய். எடை கூடட்டும் என்று காய்ந்த காயில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் உன் அப்பா கோபப்பட மாட்டார். "தராசு தண்ணியையும் சேத்துத்தாண்ணே சொல்லும். அதுக்கு என்ன தெரியும் பாவம்?" என்று சிரித்துக்கொண்டே மூட்டையை ஓரமாகத் தள்ளி வைப்பார். கல்யாணமான புதிதில் நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். சரித்திரத்தில் பி.ஏ. படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு ஒரு மனிதன் தன் விரலால் இவ்வளவு படிக்கிறான் என்பது ஆச்சரியமாக இருந்தது. அவர் என்னை "காலேசு" என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கும் அப்படித்தான்.

நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அவருக்கு ஒரு மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. மலையில் தோட்டத்துக்குக் காவல் இருந்த நாட்களில் வந்ததாம். போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது போகவில்லை, உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்து ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தது. நீ என் வயிற்றில் அசையத் தொடங்கிய சமயத்தில் அவர் வயிறும் பெருக்க ஆரம்பித்தது. கணுக்காலில் விரலை வைத்து எடுத்தால் குழி விழுந்தது. உன் அத்தை, அப்பாவின் அக்கா, சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பியை வளர்ப்பதே தன் சோலி என்று இருந்தவள், எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்து, "யாருக்கு முதல்ல வலி எடுக்கும்னு தெரியலயே" என்பாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஊரில் வேறு மாதிரி பேசினார்கள். வயிறு வீங்கினால் குடிகாரன் என்று முடிவு கட்டுவது சுலபம். உன் மாமா, என் தம்பி, ஜீப்பு ஓட்டுகிறவன், அதைக் கேட்டுவிட்டு வந்து கொதித்தபோது உன் அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "விடு மாப்ளே. குடிக்காமயே பேரு வாங்கிட்டேன். காசாச்சும் மிச்சம்."

ஊர் டாக்டர் ஈரல் கெட்டிருக்கிறது, ரெஸ்ட்டில் இருக்க வேண்டும் என்றார். அப்புறம் பத்தியம் தொடங்கியது. அத்தைதான் தொடங்கினாள், ஆனால் நாங்கள் எல்லோரும் அதற்குக் காவல் நின்றோம். புளி வேண்டாம், பருப்பு வேண்டாம், பால் வேண்டாம், முட்டை என்ற பேச்சே வேண்டாம். ஈரலுக்குப் பாரம் என்றால் பாரம்தான். நொய்க்கஞ்சி, உப்பில்லாத மோர், பூசணிக்காய், விடிந்ததும் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்தது. பொழுது சாய்ந்துவிட்டால் வாயில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் கஞ்சி. மற்ற நேரமெல்லாம் கட்டில். எழுந்தால் அத்தை கத்துவாள், "ஏ தம்பி, உனக்கு என்ன சோலி? படு சாமி." அவரும் படுத்துக்கொள்வார். எனக்கு அந்த நாட்கள் எல்லாம் ஒரே நீண்ட மத்தியானம் மாதிரி நினைவில் இருக்கின்றன. கிட்டங்கியிலிருந்து வரும் ஏலக்காய் வாசம், அவர் மூச்சு, உள்ளே நீ திரும்பிப் படுப்பது. நான் அரைத் தூக்கத்தில் அடிக்கடி ஒரே மாதிரி கனவு காண்பேன். உன் அப்பா இலவம்பஞ்சு மாதிரி கட்டிலை விட்டு மெதுவாக மேலே எழும்பி, ஜன்னல் வழியாக வெளியே மிதந்து, போடிமெட்டு மேகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பார். என் கையில் ஒரு நூல் இருக்கும். அவ்வளவுதான் என் கையில் இருக்கும்.

நாங்கள் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். வேறு ஊரில், வேறு தொழில் செய்கிறவர்கள் இந்தத் தப்பைச் செய்திருக்க வழியே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கிட்டங்கித் தராசுக்குச் சூடம் காட்டுவது வழக்கம் இல்லையா? சூடம் காட்டியதும் அத்தை, "தம்பியையும் ஒரு தடவ நிறுத்துப் பாத்துருவோமே" என்றாள். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் அந்தப் பெரிய பலகைத் தட்டில் உன் அப்பா ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உன் மாமா மறுபக்கத் தட்டில் படிக்கல்லை அடுக்கினான். தட்டு மெல்ல ஆடிக்கொண்டே தரையை விட்டு எழும்பியது. அவர் அதில் திருவிழா ராட்டினத்தில் உட்கார்ந்த பையனைப்போலச் சிரித்தார். வாரத்துக்கு வாரம் எடை கூடியது. அத்தை பூரித்துப்போய்க் கற்கண்டு கொடுப்பாள். "பாத்தியா? தேறிக்கிட்டு வர்றான்!" நீ பிறந்த பிறகு உன்னையும் அவர் மடியில் வைத்து நிறுத்தோம். நான் கைதட்டினேன் அப்பு. ஏலக்காயையே நம்பிப் பிழைக்கிற வீடு, ஈரக் காய்க்கு எடை அதிகம் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்த வீடு, அந்த வீட்டில் நின்றுகொண்டு நாங்கள் தராசின் பேச்சை நம்பினோம்.

அதே நாட்களில்தான் அவர் மோர் கேட்க ஆரம்பித்தார். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கிட்டங்கிக்கு வந்த வியாபாரிகள் யாராவது கூட இருப்பார்கள். எல்லோரும் முடித்து எழும்போது உன் அப்பா மட்டும், "நீங்க எந்திரிங்கண்ணே, நான் இன்னும் கொஞ்சம் மோர் ஊத்திக்கிறேன்" என்பார். நானும் ஊற்றுவேன். தினமும். உப்பில்லாத மோரைக்கூட இவ்வளவு ஆசையாகக் குடிக்கிறாரே, என் கைப்பக்குவம் அப்படி என்று எனக்கு ஒரு இறுமாப்பு. ஒருநாள் ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனவள், வெற்றிலைத் தட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கூடத்தில் யாரும் இல்லை. உன் அப்பா இலையை விட்டு நகர்ந்து, உட்கார்ந்தபடியே சுவர் வரைக்கும் போயிருந்தார். சுவரில் ஒரு கையை வைத்தார். ஒரு முழங்காலை ஊன்றினார். அப்படியே இருந்து மூச்சு வாங்கினார். பிறகு இரண்டு கையாலும் சுவரைத் தடவித் தடவி மேலே ஏறினார். டம்ளரில் மோர் தொடாமல் இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்று இன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், பார்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் நான் பிடிவாதம் பிடித்தேன். ரயிலில் மதுரைக்குப் போனோம். அத்தையும் வந்தாள், உன்னை அவள் மடியை விட்டு இறக்கவே இல்லை. அங்கே ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி வயிற்று நீரை வடித்தார்கள். வடித்து முடித்து அவர் சட்டையில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தபோது, நான் என் புருஷனை வெகு நாள் கழித்து முதல் முறையாகப் பார்த்தேன். தோளில் எலும்பு. நெற்றிப் பொட்டில் குழி. மேல்கையை என் ஒரு கை விரல்களால் சுற்றிப் பிடிக்கலாம் போலிருந்தது. மோதிர விரலில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. பிடித்துப் பார்த்தேன். கல்யாண மோதிரம் நழுவி விழாமல் இருக்க அடியில் நூல் சுற்றியிருந்தார். மூட்டை தைக்கிற நூல். ஒரே நாளில் சுற்றியதல்ல. அழுக்கேறிய பழைய சுற்றின் மேல் புதுச் சுற்று, அதன் மேல் இன்னொன்று. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தராசு ஏறிக்கொண்டிருந்தது. இந்த விரல் வாராவாரம் நூல் சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் வயதானவர், கொஞ்சம் சிடுசிடுப்பு. என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அத்தை பெருமையாக ஒப்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, நல்ல ஈரல்னா ஒரு குதிரு மாதிரி. பகல்ல தின்னதைச் சேத்து வச்சு ராத்திரிக்குக் கொடுக்கும். இவரு குதிரு ஓட்டை. சேத்து வைக்க முடியாது. நீங்க பொழுது சாஞ்சதுல இருந்து மறுநாள் வெயில் ஏர்ற வரைக்கும் பட்டினி போட்டா உடம்பு என்னத்தைத் தின்னும்? தன் சதையைத்தான் எடுத்துத் தின்னும். தின்னுருக்கு, பாருங்க."

"பாரம்னு சொன்னாங்களே சாமி" என்றாள் அத்தை.

"உப்பு பாரம். அதைக் குறைங்க. பருப்பு, பால், முட்டை எல்லாம் கொடுங்க. ஒரேயடியா வேணாம். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. படுக்கறதுக்கு முந்தி ஏதாவது. விடிஞ்சதும் ஏதாவது. தூக்கக் கலக்கமாப் பேசினாலோ ஆளு தடுமாறினாலோ வெரசாக் கூட்டிட்டு வாங்க."

"ரெஸ்ட்ல இருக்கச் சொன்னாங்க" என்றேன் நான்.

"ரெஸ்ட் எடுக்கத்தான் சொல்லுவோம். செத்த மாதிரி கிடக்கச் சொல்லலையே" என்றார். பிறகு குரலை இறக்கி, அத்தைக்குக் கேட்காதபடி, நான் படித்தவள் என்று நினைத்தோ என்னவோ என்னிடம் மட்டும் சொன்னார். "இதனால ஈரல் சரியாயிரும்னு நினைக்காதே தாயி. அது ஆகாது. ஆனா ஆளு நிக்கலாம், நடக்கலாம். இருக்குற வரைக்கும் ஆளா இருக்கலாம்."

ரயிலில் திரும்பி வரும்போது அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். தேனி தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும், "நானே எந்தம்பியப் பட்டினி போட்டேனா?" என்று மட்டும் கேட்டாள், யாரையும் பார்க்காமல். உன் அப்பா நீட்டிப் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பட்டினியா? உன் பூசணிக்காயைத் தின்னுட்டு நான் போட்ட சத்தத்துக்கு ஊரே சாட்சி. இனிமே பூசணிக்கொடிய நான் உசுரோட விடமாட்டேன்க்கா." அவள் அழுதுகொண்டே அவர் காலில் ஒரு அடி போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை தராசுக்குச் சூடம் காட்டியதும், பழக்கத்தில் உன் மாமா படிக்கல்லை எடுத்தான். உன் அப்பா வேண்டாம் என்று கையசைத்தார். எல்லோரும் போன பிறகு நான் கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"என் கையி எனக்குத் தெரியாதா காலேசு? காய்க்கு ஒண்ணு எனக்கு ஒண்ணா? தொட்டுப் பாத்தேன். ஈரக் காய்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் தராசுத் தட்டைக் காலால் ஆட்டினார். "வாரம் பூரா நீங்க யாரும் சிரிக்கிறதில்ல. வெள்ளிக்கிழம ஒருநாதான் சிரிச்சீங்க. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

மகனே, நீ வளர்ந்து உனக்கும் ஒரு வீடு அமையும்போது இந்த ஒரு பதிலை மட்டும் உன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. மற்றது எல்லாவற்றையும் எடுத்துக்கொள். அந்தச் சிரிப்பை, அந்த விரலை, கெட்ட பேரைக் கூடக் காசு மிச்சம் என்று தட்டிவிடுகிற மனசை. ஆனால் நோவு வந்தால் சொல். வீட்டில் இருக்கிறவர்கள் சிரிப்பு நின்றுபோகும் என்று பயந்து சொல்லாமல் இருந்துவிடாதே. உன் சதை கரைகிற சத்தம் பக்கத்தில் படுத்திருப்பவளுக்குக்கூடக் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு வீடு வேறு மாதிரி ஆனது. கோழிகூட எழும்பாத நேரத்தில் அடுப்படியில் பச்சைப் பயறு வேகிற வாசம் வரும். பத்தியத்துக்கு எவ்வளவு காவல் நின்றாளோ அவ்வளவு காவல் இப்போது அத்தை சாப்பாட்டுக்கு நின்றாள். "முட்டையக் கொண்டா, வெரசா கொண்டா" என்று என்னை விரட்டுவாள். உன் அப்பா சாப்பிட்டுவிட்டு நடப்பார். முதலில் இலவ மரம் வரைக்கும். அங்கே அடிமரத்தில் சாய்ந்துகொண்டு மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். அப்புறம் வாய்க்கால் வரைக்கும். மார்கழிப் பனியில் அவர் மட்டும் தனியாக நடந்து போவதை ஜன்னலிலிருந்து பார்க்கும்போது, என் கனவில் மிதந்து போகிற ஆளும் இவரும் ஒருவர்தானா என்று தோன்றும். இவருக்குக் கால் தரையில் பட்டது. அது போதும் எனக்கு.

எழுந்து நிற்பதுதான் பெரும்பாடு. கட்டிலிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, அது வந்ததும் முக்காலி, அப்புறம் மணைப்பலகை, கடைசியில் தரை. அந்தச் சமயம் நீயும் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாய். கூடத்தில் நீ ஒரு பக்கம் கட்டில் காலைப் பிடித்து எழும்புவாய், அவர் ஒரு பக்கம் மணையிலிருந்து எழும்புவார். இருவரும் ஒரே நேரத்தில் தொப்பென்று உட்காருவீர்கள். உன் மாமா வந்தால் போட்டி வைத்துவிடுவான். "மாமா, பய முந்திட்டான். ஒத்துக்கங்க." உன் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "அவனுக்கு என்ன மாப்ளே, ரெண்டு பொம்பளைங்க கைதட்டுறாங்க. எனக்கு நீ ஒருத்தன்தான்" என்பார். நடுவில் ஒரு காய்ச்சல் வந்தது. சில நாள்தான் படுத்திருந்தார். அதற்குள் முக்காலி வரைக்கும் வந்தது திரும்பக் கட்டிலுக்குப் போய்விட்டது. வயிறும் மறுபடி கொஞ்சம் நீர் கோத்தது. அன்றைக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் அத்தை கிண்ணத்தோடு வந்து நின்றாள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார்.

காது குத்துக்கு நாள் பார்த்ததும் அவர் தராசை மறுபடி எடுத்தார். இந்த முறை தட்டில் உட்கார்ந்தவன் நீ மட்டும். மறு தட்டில் நல்ல காய்ந்த காயைக் கொட்டிச் சரி பார்த்து, அதை ஒரு சின்னச் சாக்கில் கட்டி, உன் அளவுக்கு ஒரு மூட்டை செய்துகொண்டார். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் தரையிலிருந்து எழுந்து பழகுவார். அந்த மூட்டைக்கு "சின்ன அப்பு" என்று பெயர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன்னை நிறுத்து, மூட்டையில் இன்னும் ஒரு பிடி காய் போட வேண்டியிருக்கும். "இவன் விடமாட்டேங்குறான் மாப்ளே. நான் ஒரு படி ஏறுனா இவன் ஒரு பிடி ஏர்றான்" என்று அவர் அலுத்துக்கொள்கிறபோது முகம் மலர்ந்திருக்கும். உன் எடை முழுக்கக் காய்ந்த காயின் எடை. அதில் ஏமாற்று இல்லை. உன்னைத் தூக்கினால் ஏலக்காய் வாசம் வருகிறதா, அந்த மூட்டையைத் தூக்கினால் உன் வாசம் வருகிறதா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

ஆனால் மூட்டையோடு அவர் எழுந்தது சில நாள். எழ முடியாமல் போனதும் சில நாள். எந்த நாள் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நேற்று விடியும்போதே உன் மாமாவின் ஜீப்பில் புறப்பட்டோம். கொட்டகுடி ஆற்றுப் பாலத்தில் மஞ்சு இறங்கியிருந்தது; வண்டி அதற்குள் போய் வெளியே வரும்போது ஒவ்வொரு தடவையும் மலை ஓர் அடி பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. கோயிலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் முதலில் உன் அப்பாவின் வயிற்றைத்தான் பார்த்தது. நீ முடியிறக்கும்போது அழவில்லை. ஆசாரி காதில் ஊசி வைத்ததும் மலை எதிரொலிக்கிற மாதிரி கத்தினாய். உன்னை அணைத்துப் பிடித்திருந்த மாமா குனிந்து உன் அப்பா காதருகே, "மாமா, நான் எந்திரிச்சுக்கிட்டே கொடுக்குறேன். நீங்களும் நின்னு வாங்கிக்கங்க. எவன் கேக்கப் போறான்?" என்றான். "வேணாம் மாப்ளே. உக்காந்தே கொடு" என்றார் இவர்.

உன்னை வாங்கினார். இரண்டு கையும் உன்னைச் சுற்றியிருந்தன. மோதிரத்தடியில் நூல் தெரிந்தது. காலை மடித்து ஊன்றி, உடம்பை முன்னால் தள்ளி எழும்பினார். பாதி வரைக்கும் வந்தார். அங்கே தொடை நடுங்கியது; வேட்டிக்கு மேலே எனக்குத் தெரிந்தது. அப்படியே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அத்தை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அந்த நொடியில் நீ அழுகையை நிறுத்தினாய் அப்பு. கண்ணீரும் சளியுமாக அவர் முகத்தைப் பார்த்தாய். நீங்கள் இருவரும் கூடத்தில் தினமும் விழுகிற அதே விதம்தானே அது. கெக்கெக்கென்று சிரித்துவிட்டாய்.

உடனே பின்னாலிருந்து ஒரு கிழவர், "பாருய்யா, அழுத பிள்ளைக்கு ஊஞ்சல் ஆட்டிக் காட்டுறான் தகப்பன்!" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஊஞ்சல் இல்லை என்று தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உன்னிடம், "இன்னொரு வாட்டி ஆடுவமாடா?" என்று கேட்டுவிட்டு, உன்னை நெஞ்சை விட்டுக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெதுவாக. ஒரு மரம் வளர்கிற நிதானத்தில். முழங்கால் நிமிர்ந்தது, இடுப்பு நிமிர்ந்தது, கழுத்து நிமிர்ந்தது. உன்னைச் சாமிக்குக் காட்டினார். நீ அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாய்.

மத்தியானம் மாந்தோப்பில் பந்தி. வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். மோர் வந்தபோது நான் வாளியோடு அவர் இலைக்கு முன்னால் நின்றேன். "போதும் காலேசு" என்று இலையை மூடினார். எல்லோரும் எழுந்தபோது கூடவே எழுந்தார்.

இவ்வளவுதான். டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஈரல் அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்குக் காலையில்கூட அவர் கணுக்காலில் விரலை வைத்துப் பார்த்தேன், லேசாகக் குழி விழுந்தது. இந்த எழுத்தை நீ படிக்கும் நாளில் பக்கத்து அறையில் அவர் இருப்பாரோ மாட்டாரோ. அதனால்தான் அவசர அவசரமாக எழுதுகிறேன். இருந்தால், யார் என்ன சொன்னாலும், தேறிவிட்டார் என்று சொன்னாலும், சதை போட்டிருக்கிறார் என்று சொன்னாலும், நீ போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மேல்கையைப் பிடித்துப் பார். பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வைத்து, மெல்ல. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவரே உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். அவர் இல்லாவிட்டால் கிட்டங்கிக்குப் போ. பரண் மேலே ஒரு சின்னச் சாக்கு மூட்டை இருக்கும். அதை விற்க வேண்டாம் என்று அத்தையிடமும் மாமாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து பார். உன் அப்பா உன்னைத் தூக்கியது எவ்வளவு கனம் என்று தெரியும்.

நீ புரள்கிறாய். தலையில் இருந்த பஞ்சு பறந்துவிட்டது. வெளியே அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது. வாய்க்கால் வரைக்கும் போய்விட்டு வருகிறார். பயறு சுடவைக்க வேண்டும்.

உன் அம்மா